ஃபிரான்ஸ் ஜோசப் கால்

ஃபிரான்ஸ் ஜோசப் கால் (மார்ச் 9, 1758 – ஆகஸ்ட் 22, 1828) செருமனியில் பிறந்து வியன்னாவிலும் பாரிசிலும் பணியாற்றிய மருத்துவரும் உடற்கூற்றியல் அறிஞரும் ஆவார். மனித மூளை ஒரே திரளாக இயங்கும் உறுப்பு அன்று, வெவ்வேறு பணிகளுக்கு வெவ்வேறு பகுதிகளைக் கொண்டது என்னும் கருத்தை விரிவாக முன்வைத்தவர்களுள் இவர் முதன்மையானவர். அதே வேளை, மண்டையோட்டின் வெளிப்புறத்திலுள்ள மேடுபள்ளங்களைக் கொண்டு ஒருவரின் குணத்தையும் திறமையையும் அறியலாம் என்று கூறி, பின்னாளில் பிரெனாலஜி எனப் பெயர்பெற்ற போலி அறிவியலுக்கு வித்திட்டவரும் இவரே. இவ்விரண்டும் ஒரே மனிதரின் ஒரே ஆய்விலிருந்து தோன்றியவை என்பதால், இவரை வெறும் ஏமாற்றுக்காரர் என ஒதுக்குவதும் மூளை அறிவியலின் தந்தை எனப் போற்றுவதும் பொருந்தாது.

இளமையும் கல்வியும்

ஜோசப் கால், இன்றைய செருமனியின் தென்மேற்கில் போர்ட்சைம் நகருக்கு அருகேயுள்ள தீபன்பிரான் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கம்பளி வணிகர். ஊர்த் தலைவராகவும் இருந்தவர். கத்தோலிக்கச் சமயத்தில் பற்றுமிக்க அக்குடும்பத்தில் பிறந்த பத்துக் குழந்தைகளுள் இவர் ஒருவர். இவரைக் குருவானவர் ஆக்கவேண்டும் என்பதே பெற்றோரின் விருப்பமாக இருந்தது. தொடக்கக் கல்வியைக் குருவாக இருந்த உறவினர் ஒருவரிடம் பெற்றார்.

பள்ளி நாட்களில் ஏற்பட்ட ஓர் எண்ணமே தம் ஆய்வின் தொடக்கம் என்று இவர் பிற்காலத்தில் எழுதினார். தம்மைவிட எளிதாகப் பாடங்களை மனப்பாடம் செய்த மாணவர்களுக்குக் கண்கள் பெரிதாகவும் வெளியே துருத்திக்கொண்டும் இருந்ததை இவர் கவனித்தார். கண்களுக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி பெரிதாக இருப்பதால் அவை முன்னால் தள்ளப்பட்டிருக்க வேண்டும், சொற்களை நினைவில் கொள்ளும் திறன் அப்பகுதியில் இருக்க வேண்டும் என்பது பின்னர் இவர் செய்த ஊகம். ஒரு சில முகங்களில் கண்டதை எல்லா மனிதருக்கும் பொதுவான விதியாக்கும் வழக்கம் இவரிடம் கடைசிவரை இருந்தது.

1777இல் ஸ்திராசுபூர்க் நகரில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். அங்கு விலங்குகளின் உடலமைப்புகளை ஒப்பிட்டுக் கற்பித்த யொகான் ஹெர்மனின் வகுப்புகள் இவரைக் கவர்ந்தன. மனிதனையும் விலங்கையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கும் இவருடைய போக்கு அங்கு உருவானதே. 1781இல் வியன்னா சென்று, புகழ்பெற்ற மருத்துவர் மாக்சிமிலியன் ஸ்டோல் முதலியோரிடம் பயின்று, 1785இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

வியன்னா வாழ்க்கை

வியன்னாவில் இவருடைய மருத்துவத் தொழில் விரைவில் செழித்தது. செல்வந்தர்களும் பிரபுக்களும் இவரை நாடினர். 1794இல் பேரரசர் இரண்டாம் பிரான்சிசின் தனி மருத்துவராகும் வாய்ப்பு வந்தபோது அதனை ஏற்கவில்லை. அரண்மனைப் பணியில் தம் விருப்பப்படி ஆய்வு செய்ய இயலாது என அஞ்சியதே காரணம் என்பர். 1796ஆம் ஆண்டு முதல் தம் இல்லத்திலேயே மூளையையும் மண்டையோட்டையும் பற்றிப் பொதுச் சொற்பொழிவுகள் நிகழ்த்தத் தொடங்கினார். கட்டணம் செலுத்திக் கேட்க வந்தவர்களுள் மருத்துவர்கள் மட்டுமன்றிப் பெண்களும் வெளிநாட்டுப் பயணிகளும் இருந்தனர். தம் கோட்பாட்டின் முதல் சுருக்கத்தை 1798இல், நண்பரான ரெட்சருக்கு எழுதிய மடல் வடிவில் ஒரு செருமானிய இதழில் வெளியிட்டார்.

இக்காலத்தில் இவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண் இவருடைய சிந்தனையை மாற்றினார். அப்பெண்ணின் தலைக்குள் பெருமளவு நீர் தேங்கித் தலை பெருத்திருந்தது. அவருடைய மூளை பெரிதும் அழிந்திருக்க வேண்டும் என்பதே அக்கால மருத்துவத்தின் எதிர்பார்ப்பு. ஆயினும் அவர் தெளிவாகப் பேசினார், சிந்தித்தார். மூளையின் மேற்பரப்பு மடிக்கப்பட்ட துணி போன்றது, நீர் அழுத்தும்போது அது அழியாமல் மடிப்பு நீங்கி விரிகிறது என்ற முடிவுக்கு ஜோசப் கால் வந்தார். அதுவரை உடற்கூற்று நூல்களில் பொருளற்ற சுருள்களாகக் கருதப்பட்டு, ஏறக்குறைய குடலின் மடிப்புகளைப் போல் வரையப்பட்டு வந்த மூளை மடிப்புகளை இவர் உற்று நோக்கியதற்கு இந்நிகழ்வும் ஒரு காரணம்.

மண்டையோடுகளைச் சேர்த்தல்

தம் கருத்துகளுக்குச் சான்று தேடி மண்டையோடுகளைச் சேர்ப்பதில் இவர் பேரார்வம் காட்டினார். மனநோய் மருத்துவமனைகளில் இறந்தவர்கள், தூக்கிலிடப்பட்ட குற்றவாளிகள், அறிவாற்றலால் பெயர்பெற்றவர்கள் எனப் பலதரப்பட்டவர்களின் மண்டையோடுகள் இவரிடம் சேர்ந்தன. உயிரோடிருந்தவர்களின் தலைகளைச் சுண்ணச்சாந்தில் அச்சு வார்த்து வைத்துக்கொண்டார். 1802 அளவில் சுமார் 300 மண்டையோடுகளும் 120 வார்ப்புகளும் இவரிடம் இருந்தன. தாம் இறந்தபின் தம் தலையும் இவருடைய அலமாரிக்குச் சென்றுவிடுமோ என்று வியன்னாவில் சிலர் அஞ்சிய அளவுக்கு இது பேசுபொருளாயிற்று.

அந்த அச்சம் முற்றிலும் வீண் அன்று. 1809இல் இசையமைப்பாளர் யோசப் ஹைடன் இறந்து புதைக்கப்பட்ட சில நாட்களில், ஜோசப் காலின் கோட்பாட்டில் ஆர்வம்கொண்ட இருவர் கல்லறைப் பணியாளருக்குக் கையூட்டுக் கொடுத்து அவருடைய தலையை எடுத்துச் சென்றனர். இசைத்திறனுக்குரிய மேடு அதில் உள்ளதா எனப் பார்ப்பதே நோக்கம். பல கைகள் மாறிய அம்மண்டையோடு 1954இல்தான் ஐசன்ஸ்டாட் நகரிலுள்ள உடலோடு சேர்க்கப்பட்டது. ஜோசப் கால் அப்போது பாரிசில் இருந்தார். இச்செயலில் அவருக்குப் பங்கில்லை.

தெருவில் திரிந்த ஏவலாட்கள், வண்டியோட்டிகள் முதலியோரை வீட்டுக்கு அழைத்து, காசும் மதுவும் கொடுத்து, ஒருவர் குறையை மற்றவர் சொல்லும்படி பேசவைத்துத் தலைகளைத் தடவிப் பார்ப்பது இவருடைய இன்னொரு முறை. திருட்டில் பழகியவர்களுக்குக் காதுக்கு மேலே முன்பக்கமாக நீண்ட ஒரு மேடு இருப்பதாகக் கண்டு, பொருளைக் கைக்கொள்ளும் இயல்பு அங்கே இருப்பதாக முடிவு செய்தார். சிறைச்சாலைகளிலும் பள்ளிகளிலும் இவ்வாறே பார்த்தார். கருத்துக்குப் பொருந்திய தலைகள் சான்றாயின. பொருந்தாதவற்றுக்கு, வேறொரு வலிமையான இயல்பு அதனை அடக்கிவிட்டது என்பது போன்ற விளக்கம் கிடைத்தது. எந்தச் சோதனையிலும் தோற்க இயலாத கோட்பாடாக அது வளர்ந்ததற்கு இம்முறையே காரணம்.

கோட்பாடு

மன இயல்புகள் பிறவியிலேயே அமைந்தவை. அவற்றுக்கு இருப்பிடம் மூளை. ஒவ்வோர் இயல்புக்கும் மூளையின் மேற்பரப்பில் தனி உறுப்பு உண்டு. உறுப்பின் பருமனே இயல்பின் வலிமையைக் காட்டும். மூளையின் வடிவத்தை ஒட்டியே மண்டையோடு உருவாவதால் வெளியிலிருந்து அப்பருமனை அறியலாம். இவ்வைந்தும் சேர்ந்ததே ஜோசப் காலின் கோட்பாடு. மொத்தம் 27 இயல்புகளை அவர் பட்டியலிட்டார். இனப்பெருக்க உணர்வு, பிள்ளைப் பாசம், நட்பு, துணிவு, கொல்லும் இயல்பு, தந்திரம், இட நினைவு, நிறவுணர்வு, இசை, எண் முதலிய 19 விலங்குகளுக்கும் உரியன. கவித்திறன், இறையுணர்வு, உறுதி போன்ற எட்டு மனிதருக்கு மட்டுமே உரியன என்றார்.

கொல்லும் இயல்பைக் காதுக்கு மேலே வைத்தமை இவர் சிந்தித்த முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஊனுண்ணும் விலங்குகளின் மண்டையோடுகளைத் தாவரவுண்ணிகளுடையவற்றோடு ஒப்பிட்டபோது, முன்னவற்றில் காதுப்பகுதி அகன்றிருக்கக் கண்டார். கொலைக் குற்றவாளிகளின் மண்டையோடுகளிலும் அதையே கண்டதாகக் கூறினார். ஆனால் தலையின் அப்பக்கவாட்டுப் பகுதி, தாடையை மூடும் வலிய பொட்டுத் தசை பற்றியிருக்கும் இடம். எலும்பின் புற வடிவத்தில் தசைக்குரிய பங்கை இக்கோட்பாடு போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

குணங்கள் பிறவியிலேயே அமைந்தவை என்றபோதும், மனிதர் தம் இயல்புக்கு அடிமை என்று இவர் கூறவில்லை. ஓர் இயல்பு வலிதாக இருப்பது அச்செயலைச் செய்தே தீரவேண்டும் என்பதாகாது. கல்வியும் சமயமும் சட்டமும் அதனை நெறிப்படுத்த இயலும் என்றார். தண்டனை வழங்குமுன் குற்றவாளியின் மனநிலையை ஆராயவேண்டும் என்றும் எழுதினார். இவரைப் பின்பற்றியவர்களிடம் இந்த எச்சரிக்கை விரைவில் மங்கிப்போயிற்று.

மூளையும் மண்டையோடும்

ஜோசப் காலின் ஐந்து கூற்றுகளுள் கடைசியானதே இவருக்குப் புகழையும் பழியையும் ஒருங்கே தந்தது. அதில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை அறிய, மண்டையோடு எவ்வாறு உருவாகிறது என்பதைக் காண வேண்டும்.

வளர்ந்த மனிதரின் மண்டையோட்டில் பொதுவாக 22 எலும்புகள் உள்ளன. இவற்றுள் எட்டு, மூளையைச் சூழ்ந்த மண்டையறையையும், எஞ்சிய 14 முகத்தையும் அமைக்கின்றன. மண்டையறையின் அடித்தளத்து எலும்புகளின் பெரும்பகுதி முதலில் குருத்தெலும்பாகத் தோன்றிப் பின்னர் எலும்பாக மாறுகிறது. கூரைப் பகுதியிலுள்ள நுதலெலும்பு, இரு சுவரெலும்புகள், பிடர் எலும்பின் மேற்பாகம் ஆகியவை அவ்வாறன்றி, மூளையைச் சூழ்ந்த சவ்வுப் படலத்தில் நேரடியாக உருவாகின்றன. கருவில் அவை சிறு எலும்புத் திட்டுகளாகத் தோன்றி விளிம்பு நோக்கிப் பரவுகின்றன. பிறக்கும்போது அவை ஒன்றையொன்று முழுமையாகத் தொட்டிருப்பதில்லை. நுதலெலும்பே அப்போது இரு பாதிகளாக இருக்கும். எலும்புகள் கூடும் மூலைகளில் சவ்வு மட்டுமே மூடிய ஆறு இடைவெளிகள் உண்டு. அவற்றுள் பெரியதே தாய்மார்கள் அறிந்த உச்சிக்குழி. பிரசவத்தின்போது எலும்புகள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து தலை வெளிவர இவ்வமைப்பு உதவுகிறது. பின்பக்கக் குழி பிறந்து இரண்டு மூன்று மாதங்களிலும், உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளும் மூடிக்கொள்கின்றன.

எலும்புகளுக்கு இடையே எஞ்சும் வளைந்து நெளிந்த பொருத்துகள் தையல் மூட்டுகள் எனப்படும். பழைய மண்டையோட்டில் எழுத்துப் போலக் காணப்படும் இக்கோடுகளைப் பிரமன் எழுதிய தலையெழுத்து என்று நம் நாட்டில் சொல்வதுண்டு. உண்மையில் இவை வளர்ச்சி நிகழும் இடங்கள். மூளை உள்ளிருந்து பெருக்கும்போது எலும்புகள் விலகுகின்றன. அவ்விலகலை ஈடுசெய்யப் பொருத்தின் விளிம்புகளில் புதிய எலும்பு சேர்கிறது. பிறப்பின்போது சுமார் 35 செ.மீ. இருக்கும் தலைச் சுற்றளவு ஓராண்டில் 46 செ.மீ. அளவை எட்டுகிறது. ஆறு வயதுக்குள் மூளை தன் முழு அளவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை அடைந்துவிடுகிறது. மூளைக்குள் நீர் தேங்கினால் குழந்தையின் தலை பெருப்பதும், மூளை சரிவர வளராதபோது தலை சிறுத்திருப்பதும் இதனால்தான். ஒரு பொருத்து உரிய காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டால், மூளை வழிகிடைக்கும் வேறு திசையில் எலும்புகளைத் தள்ளுகிறது. தலை நீண்டோ ஒருபுறம் சரிந்தோ அமைகிறது.

ஆக, மூளையே மண்டையறையை உருவாக்குகிறது, எலும்பு மூளையை வார்ப்பதில்லை என்று ஜோசப் கால் கூறியது பெரும்பாலும் சரியே. கருவிலிருந்து முதுமைவரையான மண்டையோடுகளை வரிசைப்படுத்தி அவர் இதனைக் காட்டினார். இன்றும் தொல்லுயிர் ஆய்வாளர்கள் புதைபடிவ மண்டையோட்டின் உட்புறத்தை அச்செடுத்து, அழிந்துபோன மூளையின் அளவையும் பொது வடிவத்தையும் அறிகின்றனர். உட்புறத்தில் மூளை மடிப்புகளின் தடங்களும் சவ்வின் இரத்தக் குழாய்கள் ஓடிய பள்ளங்களும் பதிந்திருக்கும்.

பிழை நேர்ந்தது எலும்பின் மறுபக்கத்தில். மண்டையறையின் கூரை எலும்பு ஒற்றைத் தகடு அன்று. வெளித்தகடு, உள்தகடு, இடையே பஞ்சு போன்ற மென்மையான பகுதி என மூன்று அடுக்கு உடையது. இவ்வடுக்குகளின் தடிப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதோடு, ஒரே தலையிலும் இடத்துக்கு இடம் வேறுபடும். உள்தகடு மூளையைப் பின்பற்றுகிறது. வெளித்தகடு தசைகளுக்கும் பிற தேவைகளுக்கும் கட்டுப்படுகிறது. நெற்றியில், புருவத்துக்கு மேலே, இரு தகடுகளும் விலகி இடையே காற்றறைகள் உருவாகின்றன. இவை குழந்தைப் பருவத்தில் மிகச் சிறியவை; பருவமடையும் காலத்தில் பெருக்கின்றன; சிலருக்குப் பெரிதாக இருக்க, வேறு சிலருக்கு அறவே இருப்பதில்லை. ஜோசப் கால் இட நினைவு, நிறவுணர்வு முதலிய பல திறன்களை வைத்தது இப்பகுதியையொட்டித்தான். அங்கு ஒருவருக்குள்ள மேடு, காற்று நிரம்பிய வெற்றிடத்தின் மேடாகவே இருக்கலாம். பிடரியில் கைக்குத் தட்டுப்படும் முண்டும், காதுக்குப் பின்னுள்ள முண்டும் கழுத்துத் தசைகளோடு தொடர்புடையவை.

இவற்றுள் சிலவற்றை ஜோசப் காலும் அறிந்திருந்தார். முதுமையிலும் நோயிலும் எலும்பு தடித்துவிடுவதால் அத்தலைகளைக் கொண்டு முடிவு செய்யலாகாது என்று விதிவிலக்குத் தந்தார். ஆனால் விதிவிலக்குகள் பெருகப் பெருக விதியே ஐயத்துக்குரியது என்ற முடிவுக்கு அவர் வரவில்லை.

தடையும் பயணமும்

1801ஆம் ஆண்டின் இறுதியில் பேரரசர் இரண்டாம் பிரான்சிசு இவருடைய சொற்பொழிவுகளுக்குத் தடை விதித்தார். மனத்தின் இயல்புகளை மூளையின் பகுதிகளோடு பிணைப்பது ஆன்மா என ஒன்று இல்லை என்னும் கொள்கைக்கு இட்டுச்செல்லும், அது சமயத்துக்கும் ஒழுக்கத்துக்கும் எதிரானது என்பது குற்றச்சாட்டு. அறிவியல் காரணம் எதுவும் அதில் இல்லை. ஜோசப் கால் விரிவான மனு ஒன்றை அளித்தும் பயனில்லை.

1805 மார்ச்சில் வியன்னாவை விட்டுப் புறப்பட்டார். சில மாதங்களில் திரும்புவதாக எண்ணியிருந்த அப்பயணம் இரண்டாண்டுகளுக்கு மேல் நீண்டது. உடன் சென்றவர் யொகான் ஸ்பர்சைம் என்னும் இளம் மருத்துவர்; 1800இல் இவருடைய சொற்பொழிவைக் கேட்டு, பின்னர் உதவியாளராகச் சேர்ந்தவர். மண்டையோடுகள், வார்ப்புகள் ஆகியவற்றில் ஒரு பகுதியையும் ஏற்றிக்கொண்டு பெர்லின், டிரெஸ்டன், லைப்சிக், ஹாலே, கோபன்கேகன், ஒல்லாந்து, சுவிட்சர்லாந்து எனச் சென்றனர். பல இடங்களில் அரசவை வரவேற்பும் பெருங்கூட்டமும் கிடைத்தன. பெர்லினிலும் ஸ்பாண்டவிலும் சிறைகளுக்குச் சென்று கைதிகளின் தலைகளைப் பார்த்தார். கவிஞர் கேத்தே ஹாலே நகரில் இவருடைய சொற்பொழிவைக் கேட்டார்.

மேடைகளில் மக்களைக் கவர்ந்தது மண்டையோட்டுக் கதையே. ஆனால் அறிஞர்களைக் கவர்ந்தது இவர் மூளையைப் பிரித்துக் காட்டிய முறை. அக்கால உடற்கூற்றியலாளர் மூளையை மேலிருந்து அடுக்கடுக்காக வெட்டிப் பார்ப்பர். ஜோசப் கால் கத்தியைப் பெரும்பாலும் விலக்கி, அடியிலுள்ள மூளைத்தண்டில் தொடங்கி, நரம்பிழைகள் எவ்வழி ஓடுகின்றனவோ அவ்வழியே மேல்நோக்கிப் பிரித்துச் சென்றார். வெண்பொருள் என்பது நரம்பிழைகளின் தொகுதி, சாம்பல் நிறப் பொருளே அவ்விழைகள் தொடங்குமிடம் என்று வற்புறுத்தினார். மூளைத்தண்டின் அடியில் இழைகள் வலமிடமாகக் குறுக்கிடுவதைத் தெளிவாகக் காட்டினார். உடலின் ஒருபக்கம் செயலிழக்கும்போது மூளையின் எதிர்ப்பக்கத்தில் சேதம் இருப்பதற்கு அதுவே காரணம். இவருடைய ஏனைய கருத்துகளை ஏற்காதவர்கூட இவற்றை மறுக்கவில்லை.

பாரிசில்

1807ஆம் ஆண்டு இறுதியில் பாரிசை அடைந்த ஜோசப் கால், அங்கேயே தங்கிவிட்டார். 1808 மார்ச்சில் ஸ்பர்சைமுடன் இணைந்து தம் மூளை உடற்கூற்று ஆய்வைப் பிரெஞ்சு அறிவியல் நிறுவனத்திடம் அளித்தார். அதனை ஆராய அமைக்கப்பட்ட குழுவில் விலங்கியலாளர் குவியே, மனநோய் மருத்துவர் பினேல் முதலியோர் இடம்பெற்றனர். குவியே எழுதிய அறிக்கை சாதகமாக இல்லை. இழைகளைப் பற்றிய சில கண்டறிதல்களை ஓரளவு ஏற்றாலும், அவற்றுட் பல முன்னரே அறியப்பட்டவை என்றது. மண்டையோட்டுக் கோட்பாட்டை இக்குழுவின் எல்லைக்கு அப்பாற்பட்டது எனத் தள்ளிவைத்தது. நெப்போலியனுக்கு ஜோசப் காலைப் பிடிக்காது என்பது அன்று பாரிசில் அனைவரும் அறிந்தது. அறிக்கையின் தொனியில் அதற்கும் பங்கு உண்டு எனப் பல வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். ஜோசப் கால் 1809இல் விரிவான மறுப்பை நூலாக வெளியிட்டார்.

நிறுவனம் ஒதுக்கினாலும் நகரம் ஒதுக்கவில்லை. எழுத்தாளர் ஸ்தாந்தால் போன்றவர்கள் இவருடைய நோயாளிகளாயினர். ஆசுதிரிய அரசியலாளர் மெட்டர்னிக் நண்பராகவும் நோயாளியாகவும் இருந்து நூல் வெளியீட்டுக்குப் பொருளுதவி செய்தார். வியன்னா அரசு தடைசெய்த கோட்பாடு, அவ்வரசின் தலைசிறந்த அமைச்சரின் பணத்தில் பாரிசில் அச்சேறியது ஒரு வேடிக்கை. நரம்பு மண்டலத்தின், சிறப்பாக மூளையின் உடற்கூற்றையும் செயலையும் பற்றிய அப்பெருநூல் 1810 முதல் 1819 வரை நான்கு தொகுதிகளாக, 100 படங்கள் கொண்ட தொகுப்புடன் வெளிவந்தது.

முதலிரு தொகுதிகளில் மட்டுமே ஸ்பர்சைமின் பெயர் உள்ளது. 1813இல் இருவரும் பிரிந்தனர். கொல்லும் இயல்பு, திருடும் இயல்பு போன்றவற்றை மனித மூளையில் இடம்பெறச் செய்ய ஜோசப் கால் தயங்கவில்லை. ஸ்பர்சைமோ இயற்கை அளித்த இயல்பு எதுவும் தீயதன்று, தவறான பயன்பாடே தீயது என்று கருதி, பட்டியலின் பெயர்களை மாற்றினார், புதியவற்றையும் சேர்த்தார். 1814இல் பிரித்தானியா சென்று அங்கு இக்கொள்கையைப் பரப்பினார்; 1832இல் அமெரிக்காவின் பாசுட்டன் நகரில் இறந்தார். பிரெனாலஜி என்ற பெயர் 1815இல் தாமசு பார்ஸ்டர் என்பவரால் பயன்படுத்தப்பட்டு ஸ்பர்சைம் வழியே பரவியது. ஜோசப் கால் அச்சொல்லை ஏற்கவே இல்லை. தம்முடையது மூளையின் செயலியல் என்றே கடைசிவரை கூறிவந்தார்.

இறுதிக் காலம்

1819இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். 1821இல் அறிவியல் கழக உறுப்பினராகப் போட்டியிட்டபோது கிடைத்தது ஒரே ஒரு வாக்கு. அளித்தவர் விலங்கியலாளர் எத்தியேன் ஜெப்ருவா செயின்ட் இலேர். 1822 முதல் 1825 வரை தம் நூலின் மலிவுப் பதிப்பை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். 1823இல் இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளுக்கு எதிர்பார்த்த வரவேற்பு இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை இவருடைய நூல்களைத் தடைசெய்யப்பட்ட நூற்பட்டியலில் சேர்த்தது. முதல் மனைவி 1825இல் காலமான பின் மறுமணம் செய்துகொண்டார்.

1828ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று பாரிசுக்கு அருகிலுள்ள மோன்ரூச் என்னுமிடத்தில் தம் 70ஆம் வயதில் காலமானார். பெர் லசேசு இடுகாட்டில் சமயச் சடங்கின்றிப் புதைக்கப்பட்டார். அவ்வுடலில் தலை இல்லை. அவருடைய விருப்பப்படி அது அகற்றப்பட்டு, அவர் சேர்த்த மண்டையோடுகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது.

பிற்கால விளைவுகள்

ஜோசப் கால் வாழ்ந்த காலத்திலேயே பிரெஞ்சு அறிஞர் புளூரான், பறவைகள் முதலிய விலங்குகளின் மூளைப் பகுதிகளை அகற்றிச் சோதனைகள் நடத்தினார். சிறுமூளையை அகற்றியபோது விலங்கின் அசைவுகளின் ஒழுங்கு குலைந்தது. அதனை இனப்பெருக்க உணர்வின் இருப்பிடம் எனக் கூறிய ஜோசப் காலின் கருத்து இதனால் வலுவிழந்தது. ஆனால் பெருமூளை பகுதிகளாகப் பிரியாமல் ஒன்றாகவே இயங்குகிறது என்ற புளூரானின் முடிவும் நிலைக்கவில்லை. ஜோசப் காலை மதித்த மருத்துவர் பூயோ, பேச்சுத்திறன் மூளையின் முன்பகுதியைச் சார்ந்தது என 1825இல் எழுதினார். 1861இல் பால் புரோக்கா, பேச்சிழந்து இறந்த ஒரு நோயாளியின் மூளையில் நுதல்மடலில் சேதம் இருப்பதைக் காட்டினார். மூளைப் பகுதிகளுக்குத் தனிப்பணி உண்டு என்ற கருத்து மண்டையோட்டைத் தடவாமலே, நோயாளியின் குறையையும் இறந்தபின் மூளையையும் ஒப்பிட்டு உறுதியாயிற்று.

மறுபுறம், பிரெனாலஜி பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் மக்கள் இயக்கமாகவே பரவியது. எடின்பரோவில் 1820இல் ஜார்ஜ் கூம் முதலியோர் தொடங்கிய சங்கத்தைத் தொடர்ந்து பல ஊர்களில் சங்கங்கள் தோன்றின. வேலைக்கு ஆள் எடுக்கவும் மணப்பொருத்தம் பார்க்கவும் தலை தடவுவோரை மக்கள் நாடினர். இதைவிடக் கொடிய விளைவு இனங்களைத் தரப்படுத்தியதாகும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் மார்ட்டன் 1839இல் வெளியிட்ட அமெரிக்க மண்டையோடுகள் பற்றிய நூலில் ஜார்ஜ் கூமின் கட்டுரையும் இணைக்கப்பட்டது. மண்டையோட்டை அளந்து மனித இனங்களை உயர்வு தாழ்வு எனப் பிரித்த இவ்வகை எழுத்துகள் அடிமை முறையை ஆதரித்தவர்களுக்குப் பயன்பட்டன. கோட்பாடு அறிஞர்களால் கைவிடப்பட்ட பின்னும் சங்கங்கள் உடனே மறையவில்லை. பிரித்தானிய பிரெனாலஜி சங்கம் 1967இல்தான் கலைக்கப்பட்டது.

2018இல் ஆக்சுபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 6,000 பேரின் காந்த ஒத்ததிர்வுப் படங்களைக் கொண்டு, ஜோசப் காலின் கூற்றைக் கணினியின் துணையால் சோதித்தனர். தலையின் வெளி வளைவுகளுக்கும் அம்மனிதர்களின் இயல்பு, வாழ்க்கை முறை பற்றிய தகவல்களுக்கும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை. தலையின் வெளி வளைவுகளுக்கும் உள்ளேயுள்ள மூளை மடிப்புகளுக்கும் இடையிலும் மிகச் சிறிதளவே தொடர்பு இருந்தது.

வியன்னாவில் அவர் விட்டுச்சென்ற மண்டையோடுகளும் வார்ப்புகளும் 1825இல் மருத்துவர் அன்டன் ரோலட்டின் கைக்கு வந்து, வியன்னாவுக்கு அருகிலுள்ள பாடன் நகரில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. பாரிசில் சேர்த்தவற்றை, அவர் இறந்து மூன்றாண்டுகளின் பின் 1831இல், அந்நகரின் தாவரத் தோட்டத்திலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வாங்கியது.